காட்டுப் பாதைக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

ஆஸ்திரியா நாட்டில் ஐசனெர்ஸ் என்று ஓர் ஊர். அந்த ஊரின் தலைக்கு மேலே, படிப்படியாக வெட்டப்பட்ட ஓர் இரும்பு மலை நிற்கிறது. 1995ஆம் ஆண்டில் அந்த மலையில் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் ஆரம்பமாயிற்று. எர்ஸ்பெர்க் ரோடியோ என்று அதற்குப் பெயர். ஆயிரத்து ஐந்நூறு பேர் வரை வந்து பெயர் கொடுப்பார்கள். அவர்களில் ஐந்நூறு பேர் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கடைசிப் பந்தயத்துக்குத் தேறுவார்கள். நாலு மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். முடிப்பவர்கள் எத்தனை பேர்? பல வருஷங்களில் இருபது பேர் தேறினாலே பெரிய காரியம்!

2022 முதல் 2025 வரை நான்கு வருஷம் தொடர்ந்து அங்கே வென்றவர் மானுவல் லெட்டன்பிக்லர் என்ற ஜெர்மானிய வாலிபர். அவர் ஓட்டியது முந்நூறு சி.சி. டூ-ஸ்ட்ரோக் வண்டி. அவருக்கு முன்னால் ஐந்து தடவை முதலிடம் பெற்ற கிரஹாம் ஜார்விஸ் என்ற ஆங்கிலேயரும் டூ-ஸ்ட்ரோக்காரர்தான்.

இந்தப் பந்தயத்தின் படத்தை வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு விதமான மயக்கம் உண்டாகிறது. சிலர், "இந்த வீரர்களைப்போல் நாமும் பறக்க வேண்டும்" என்று இருப்பதிலேயே முரட்டு வண்டியைத் தேடிப் போகிறார்கள். வேறு சிலர், "முந்நூறா? அது ஆளைக் கொன்றுவிடும். நமக்குச் சின்னதாக ஒரு நூற்றிருபத்தைந்து போதும்" என்று அடக்கமாக ஒதுங்குகிறார்கள். முதல் ஆசாமி செய்வது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது ஆசாமி செய்வதும் தவறு என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அவர் இரண்டு மாதத்தில் வண்டியை விற்றுவிட்டு, "நமக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார். வராதது அவர் குற்றமே அல்ல. வண்டியைத் தேர்ந்தெடுத்த குற்றம்.

பந்தயத்தின் நடுவில்

அதே படத்தைக் கடைசி வரையில் பொறுமையாகப் பார்த்தால் உண்மை புரியும். எர்ஸ்பெர்க் மலையில் 'கார்ல்ஸ் டைனர்' என்று ஓர் இடம் உண்டு. பெயர்தான் சிற்றுண்டிச்சாலை, உண்மையில் அது பெரிய பெரிய பாறைகள் உருண்டு கிடக்கும் வெளி. உலகச் சாம்பியன்கள் அங்கே எப்படிப் போகிறார்கள்? பறக்கவில்லை. ஒரு மனிதன் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும் வேகத்தில் போகிறார்கள். சில இடங்களில் இறங்கி, வண்டியைக் கன்றுக்குட்டிபோல் பக்கத்தில் நடத்திக்கொண்டு போகிறார்கள்.

ஜார்விஸ் பழகி வந்த வித்தையும் அதுதான். ட்ரையல்ஸ் என்ற போட்டியிலிருந்து வந்தவர் அவர். அந்தப் போட்டியில் வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. காலைத் தரையில் ஊன்றாமல் பாறையைத் தாண்டினால்தான் மதிப்பு.

ஆகவே காட்டுப் பாதைக்கு வண்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, "இது எவ்வளவு வேகம் போகும்?" என்பதல்ல. "நடக்கிற வேகத்தில் இது இருமாமல், அணையாமல், திமிறாமல் போகுமா?" என்பதுதான். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்ற சந்தேகங்களில் முக்கால்வாசி தாமாகவே தீர்ந்துவிடும்.

சின்ன எஞ்சின் சாதுவா?

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் தமிழ்நாட்டில் விளக்கம் தேவையில்லை. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் சத்தம் நடுத்தர வயதுக்காரர்கள் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை பெட்ரோல் வெடிக்கும் எஞ்சின் அது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான். அதனால்தான் அந்தச் சின்ன வண்டிக்கு அப்படி ஒரு பிக்கப்.

ஆனால் ஆர்.எக்ஸ். 100 கடைவீதிக்குச் செய்த வண்டி. பந்தயத்துக்கென்று செய்த நூற்றிருபத்தைந்து சி.சி. டூ-ஸ்ட்ரோக்கின் குணமே வேறு. எஞ்சின் நிமிஷத்துக்கு ஏழெட்டாயிரம் சுற்றை எட்டுகிற வரையில் அது தூங்கிக்கொண்டிருக்கும். எட்டியதும், பின்னால் யாரோ உதைத்ததுபோல் பாயும். மறுபடி கொஞ்சம் வேகம் குறைந்தால் பழையபடி தூக்கம்!

பழகியவன் கையில் இது ஓர் ஆனந்தம். இடைவிடாமல் கிளட்சைத் தட்டிக்கொண்டு, கியரை மாற்றிக்கொண்டு, எஞ்சினை அலற வைத்தபடியே போவான். புதியவன் நிலைமை என்ன? வேர்கள் பின்னிக் கிடக்கும் ஒரு மேட்டில் ஏறுகிறான். பாதி வழியில் எஞ்சின் மூச்சு விடுகிறது. பயந்துபோய் முறுக்குகிறான். திடீரென்று முழுச் சக்தியும் ஒரே நொடியில் வந்து இறங்குகிறது. பின்சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

முந்நூறு சி.சி. வண்டியில் அதே மேடு வேறு மாதிரி இருக்கும். எஞ்சினின் கொள்ளளவு பெரியது; கீழ்ச் சுற்றிலேயே இழுவை இருக்கிறது. மூன்றாவது கியரில் போட்டு, முறுக்கைத் தொட்டும் தொடாமலும் பிடித்தால், டுக் டுக் என்று டிராக்டர்போல் ஏறிவிடும். கியர் மாற்ற வேண்டியதில்லை; கிளட்ச் விரல் வலிக்காது. அதற்கு ஐம்பது குதிரைச் சக்திக்கு மேல் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குதிரைகள் முறுக்குகிற கை கூப்பிட்டால்தான் வரும். கூப்பிடாமலிருக்கும் கட்டுப்பாடு ஓட்டுகிறவருக்கு வேண்டும். அது இல்லாதவருக்கு எந்த வண்டியும் ஆபத்துதான் என்பது வேறு விஷயம்.

கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஓடிய ரகசியம்

இந்தத் தூக்கமும் பாய்ச்சலும் டூ-ஸ்ட்ரோக்குக்கு எப்படி வந்தது? சினிமாவுக்கு ஏற்ற கதை அது.

கிழக்கு ஜெர்மனியில் ஷோபாவ் என்ற ஊரில் எம்.இசட். என்ற மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. அங்கே வால்டர் காடென் என்ற எஞ்சினீயர் புகைக்குழாயை ஆராய்ந்தார். குழாயின் வயிற்றை ஒரு குறிப்பிட்ட அளவில் பருக்க வைத்துப் பிறகு குறுக்கினால், வெளியே போகும் புகையின் அலை திரும்பி வந்து, கூடவே தப்பி ஓடப் பார்க்கும் புதுப் பெட்ரோல் காற்றை மறுபடி உள்ளே தள்ளிவிடும்! எஞ்சினின் சக்தி கிடுகிடுவென்று உயர்ந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. அலை திரும்பி வருகிற நேரமும் பிஸ்டன் வாயிலை மூடுகிற நேரமும் பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தம் ஒரு குறுகிய சுற்று வேகத்தில்தான் சரியாக அமையும். அதற்குக் கீழே எஞ்சின் மந்தம். அதற்குள் வந்தால் மின்னல்.

1961ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பெர்லின் சுவர் எழும்பி ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவருடைய மனைவியும் குழந்தைகளும் காரில் மறைந்து மேற்கே தப்பினர். டெக்னர் ஜப்பானின் சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே, 1962இல், சுசுகி வண்டியில் ஐம்பது சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். காடெனின் வித்தை கடல் கடந்துவிட்டது!

பந்தய மைதானத்துக்கு இது பெரிய வரம். காட்டுப் பாதைக்கோ பாதி வரம், பாதி சாபம். இந்தச் சாபத்தைத் தணிக்கத்தான் பிற்காலத்தில் 'பவர் வால்வு' வந்தது. சுற்று குறைவாக இருக்கும்போது புகை வாயிலின் உயரத்தைக் குறைத்து, கூடும்போது உயர்த்திவிடும் சின்னக் கதவு அது. கே.டி.எம். கம்பெனியின் 2023 வரைக்குமான வண்டிகளில் இந்தக் கதவுக்கு மூன்று வண்ணத்தில் ஸ்பிரிங்குகள் உண்டு: சிவப்பு முரடு, மஞ்சள் நடுத்தரம், பச்சை சாது. கிண்ணியில் இருக்கும் டீயைக் கொட்டாமல் குடிக்கிற நேரத்தில் மாற்றிவிடலாம். 2024 முதல் அந்த வேலையை மின்சாரமே பார்த்துக்கொள்கிறது. எதுவானாலும் புதியவர்கள் பச்சைப் பக்கம் நிற்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

பார்வைக்கு இரட்டையர்

கடையில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று மோட்டோகிராஸ் வண்டி; மற்றொன்று எண்டுரோ வண்டி. பார்த்தால் அண்ணன் தம்பி. விலையில் மோட்டோகிராஸ் கொஞ்சம் மலிவு; பழைய வண்டிச் சந்தையிலோ அதுதான் மலை மலையாகக் கிடைக்கும். ஏமாறுகிற இடம் இதுதான்.

மோட்டோகிராஸ் வண்டி, வெட்டி உயர்த்திய மைதானத்தில் அரை மணி நேரம் தாவித் தாவி ஓடுவதற்காகச் செய்தது. அதன் ஷாக் அப்சார்பர் இருபதடி உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும். ஆனால் முழங்கை அளவுக் கல்லில் மெதுவாக ஏறினால் அந்த இடி அப்படியே முதுகெலும்புக்கு வரும். கியர்கள் நெருக்கமானவை, முதல் கியரே நடைவேகத்துக்கு அதிகம். பின்சக்கரம் 19 அங்குலம். விளக்கு கிடையாது. நிறுத்த ஸ்டாண்டுகூடக் கிடையாது. காட்டில் மரத்தில்தான் சாய்க்க வேண்டும்.

எண்டுரோ வண்டியில் ஷாக் அப்சார்பர் மிருதுவானது. கியர்கள் அகலமாக விரிந்தவை. பின்சக்கரம் 18 அங்குலம். அதனால் டயரின் பக்கச்சுவர் தடிமன், கல்லில் அடிபட்டாலும் ரிம் பிழைக்கும். பெட்ரோல் டாங்க் பெரிது. விளக்கும் உண்டு.

மலிவாகக் கிடைத்த மோட்டோகிராஸ் வண்டியைக் காட்டுக்கு ஏற்றதாக மாற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்பிரிங் மாற்று, ஃபிளைவீலில் எடை கூட்டு, சக்கரம் மாற்று, டாங்க் மாற்று என்று ஆரம்பித்தால், மிச்சப்பட்ட பணம் முதலில் கரையும். மிச்சப்படாத பணம் அப்புறம் கரையும்.

இந்தப் பாடம் புதிதல்ல. 1968இல் யமஹா கம்பெனி அமெரிக்காவில் டி.டி.-1 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 246 சி.சி., ஒற்றை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். அதுவரை அமெரிக்கக் காடுகளிலும் பாலைவனங்களிலும் ஓட்டியவர்கள் ஒன்று கனமான நாலு ஸ்ட்ரோக் வண்டியோடு மல்லுக்கட்டினார்கள். அல்லது ஐரோப்பியப் பந்தய வண்டியை வாங்கிப் பாதி நாள் பழுது பார்த்தார்கள். டி.டி.-1 எந்தப் பந்தயத்திலும் முதலாவதாக வர வேண்டும் என்று செய்யப்பட்டதல்ல. உதைத்தால் ஸ்டார்ட் ஆகும், ரோட்டிலும் போகும், காட்டிலும் போகும், சாதாரண மனிதன் சொன்னபடி கேட்கும். விற்பனையாளர்களுக்கு வண்டி போதவில்லை. ஒரு தலைமுறையே அதில்தான் காட்டுப் பாதை பழகிற்று.

மூன்று வண்ணம், ஒரே வயிறு

இப்போது கடையில் என்ன கிடைக்கிறது? கே.டி.எம். ஆரஞ்சு நிறம். ஹஸ்க்வர்னா வெள்ளை. காஸ்காஸ் சிவப்பு. மூன்றுக்கும் தனித்தனி ரசிகர்கள். அவர்களுக்குள் சண்டைகூட உண்டு. ஆனால் ஹஸ்க்வர்னா 2013இலும், காஸ்காஸ் 2019இலும் கே.டி.எம். வசம் போய்விட்டன. வண்ணத்தைச் சுரண்டினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே எஞ்சின்தான்: 72 மில்லிமீட்டர் விட்டம், 72 மில்லிமீட்டர் வீச்சு, 293 சி.சி. இவற்றுக்குள் வண்ணம் பார்த்துச் சண்டை போடுவதைவிட, ஊருக்குப் பக்கத்தில் எந்தக் கடையில் உதிரிப் பாகம் கிடைக்கிறது என்று பார்ப்பது மேல். அந்தக் கவலை வீண் கவலையும் அல்ல. 2024 நவம்பரில் கே.டி.எம். கடனில் மூழ்கி நீதிமன்றத்தின் வாசலுக்குப் போயிற்று. 2025இல் அதைத் தூக்கி நிறுத்தியது யார்? நம் புனே நகரத்து பஜாஜ் ஆட்டோ!

இதே கூட்டத்தில் 250 சி.சி. வண்டியும் உண்டு. அதுவும் 72 மில்லிமீட்டர் வீச்சுதான். விட்டம் மட்டும் குறைவு. முந்நூறைவிடக் கொஞ்சம் துறுதுறுப்பு. கியர் மாற்றுவதில் இன்பம் காண்பவர்களுக்கு அது பிடிக்கும்.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் 1904இல் சைக்கிள் செய்ய ஆரம்பித்த பீட்டா கம்பெனி, 2015 முதல் 'எக்ஸ்ட்ரெய்னர்' என்ற முந்நூறு சி.சி. வண்டியைச் செய்கிறது. பந்தயக்காரர்கள் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்கள். எஞ்சினின் முரட்டுத்தனத்தை வேண்டுமென்றே குறைத்து, இருக்கையைத் தாழ்த்தி, ஷாக் அப்சார்பரை மிருதுவாக்கிய வண்டி. பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் தொல்லையும் இல்லை, தானே கலந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்டுக்குப் போய், திங்கட்கிழமை ஆபீசுக்கும் போக வேண்டிய நாற்பது வயதுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அபூர்வம். ஆனால் அவரோ சாம்பியன் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்!

யமஹாவின் ஒய்.இசட். 250 எக்ஸ் 2016 முதல் வருகிறது. மோட்டோகிராஸ் வண்டியைக் காட்டுக்காகச் சாந்தப்படுத்தியது. கார்புரேட்டர், உதைத்துத்தான் ஸ்டார்ட். எதுவும் கெடாது; கெட்டாலும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கார்புரேட்டருக்கு உள்ள ஒரே குறை மலை. கடல் மட்டத்தில் சரியாக ஓடியது, கொலராடோ மலைகளில் மூவாயிரம் மீட்டர் ஏறினால் காற்று மெலிந்து, பெட்ரோல் அதிகமாகி, பிளக் கறுத்து நின்றுவிடும். ஜெட்டை மாற்ற வேண்டும். கே.டி.எம். 2018 மாடல் முதல் இன்ஜெக்‌ஷன் வைத்ததால் அதில் அந்தத் தொல்லை இல்லை.

பணம் குறைவாக உள்ளவர்கள் பழைய கவாசாகி கே.டி.எக்ஸ். 200 தேடலாம். 1980களிலிருந்து 2006 வரை வந்த வண்டி. தாவினால் முனகும், காட்டுப் பாதையில் நல்ல பிள்ளை. பழைய வண்டி வாங்கும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் ஜாக்கிரதை. குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை விற்பவர் மறைக்கிறார் என்று பொருள் கொள்ளலாம். பிஸ்டன் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்க வேண்டும். தெரியாது என்றால் புதுப் பிஸ்டன் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேச வேண்டும்.

காலும் கனமும்

எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் தங்கள் காலின் நீளத்தை மறந்துவிடுகிறார்கள். இந்த வண்டிகளின் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். நம் ஊர் சைக்கிளைவிட உயரம். சரிவான பாதையில் வண்டி நின்றுபோய்க் கால் தரைக்கு எட்டாவிட்டால், விழுவது நிச்சயம். குட்டையானவர்கள் கூச்சப்படாமல் இருக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங் விஷயமும் அப்படியே. கே.டி.எம். வண்டிகள் 75 முதல் 85 கிலோ எடையுள்ள ஆளை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. அறுபது கிலோ ஆளுக்கு அது கட்டை. நூறு கிலோ ஆளுக்கு அது தொட்டில். இருவருமே கம்பெனியைத் திட்டுவார்கள். எடைக்குத் தகுந்த ஸ்பிரிங் போட்டால் வண்டியே மாறிவிட்டது போலிருக்கும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? நாலு ஸ்ட்ரோக் வாங்கிவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாலு ஸ்ட்ரோக் புகைக்காது. இறக்கத்தில் எஞ்சினே பிரேக் பிடிக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அது அநேகமாகக் கிடையாது. ஆனால் ஒரு நாளில் பத்துத் தடவை வண்டியைக் கீழே போட்டு, பத்துத் தடவை தூக்குகிறவருக்குக் கணக்கு வேறு. முந்நூறு சி.சி. டூ-ஸ்ட்ரோக், பெட்ரோல் இல்லாமல் நூறு கிலோவுக்குச் சற்று மேல்தான். வால்வு இல்லை, காம் இல்லை, செயின் இல்லை. பிஸ்டனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாற்றிவிடலாம். நாலு ஸ்ட்ரோக் பந்தய எஞ்சின் உள்ளே உடைந்தால் அந்தச் செலவில் ஒரு சின்னக் கல்யாணம் நடத்தலாம்.

சைலன்சரில் கை வைக்காதீர்கள்

வண்டி வாங்கிய மறுநாள் பலர் செய்கிற முதல் காரியம், சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடுகிற குழாய் ஒன்றைப் பொருத்துவது. அதனால் நடைவேகத்தில் கிடைக்கும் நன்மை ஒன்றுமில்லை. கெடுதலோ பெரிது.

இங்கிலாந்தில் காட்டுப் பாதை ஓட்டிகள் 1970இலேயே சங்கம் அமைத்துப் பாதைகளுக்காகப் போராடி வருகிறார்கள். அப்படியும் 2006இல் வந்த ஒரு சட்டத்தால் அங்கும் வேல்ஸிலும் பல பழைய பாட்டைகளில் மோட்டார் வண்டிக்கு இருந்த உரிமை போயிற்று. அமெரிக்காவில் அரசாங்கக் காடுகளுக்குள் போக, தீப்பொறி பறக்காமல் தடுக்கும் சைலன்சர் கட்டாயம். மோட்டோகிராஸ் வண்டியில் அது வருவதில்லை. நம் நாட்டில் இந்தப் பந்தய வண்டிகளுக்கு ரோட்டில் ஓட நம்பர் கிடைக்காது. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்தால் வழக்கு வரும். சொந்த நிலமோ, அதற்கென்று அமைத்த மைதானமோ இருந்தால்தான் ஆசைப்படலாம்.

கலிபோர்னியாவில் 1986க்குப் பிறகு செய்த வண்டியின் சத்தம் 96 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. வாசலில் அதிகாரி ஒரு மீட்டரைக் குழாயின் அருகில் பிடிப்பார். ஊசி தாண்டிவிட்டால், நூறு மைல் தள்ளி வந்திருந்தாலும், வண்டியை மறுபடி லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.